கழுத்தில் கட்டும் கரண்ட்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைமை ஆணையர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

நாய்களைப் பழக்குவதற்கென்று ஆன்லைனில் விற்கப்படும் ஷாக் காலர்களை, அதாவது ரிமோட்டை அழுத்தினால் ஷாக் அடிக்கும் கழுத்துப் பட்டைகளை, மனிதர்கள் தங்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தி இல்லை, விரும்பித்தான். பந்தயத்துக்காக, வீடியோவுக்காக, சீட்டாட்டத்தில் தோற்றவருக்குத் தண்டனையாக, சில தம்பதிகள் தங்களுக்குள் ஒரு விளையாட்டாக. அப்படி மாட்டிக்கொண்டு காயப்பட்டு வந்த ஒரு தம்பிக்காக, அந்தப் பட்டையை விற்ற தளத்துக்கு நான் புகார் எழுதினேன். பெட்டியில் எச்சரிக்கை இல்லை, எவ்வளவு மின்சாரம் வெளிவருகிறது என்ற விவரம் இல்லை, இறக்குமதி செய்தவரின் பெயர்கூட இல்லை என்று படங்களோடு அனுப்பினேன். சுருக்கமாக ஒரு பதில் வந்தது: இது செல்லப் பிராணிகளுக்கான பொருள், வயது வந்தவர்கள் தங்கள் விருப்பப்படி வேறு விதமாகப் பயன்படுத்தினால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கோவையில் பிசியோதெரபிஸ்ட். மனித உடம்பில் மின்சாரம் செலுத்துவது என் அன்றாட வேலை. "கரண்ட் வைக்கணும் மேடம்" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் எங்கள் கிளினிக்குக்குள் நுழைவார்கள். முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும், தோலில் பேடு ஒட்டி மென்மையாக மின்சாரம் கொடுக்கும் டென்ஸ், ஐ.எஃப்.டி. இரண்டு கருவிகளும் நாள் முழுக்க ஓடும். ஒருவருக்குப் பேடு ஒட்டுவதற்கு முன்னால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா? வலிப்பு வந்ததுண்டா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? அந்த இடத்துத் தோலில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா? சர்க்கரை நோயாளி என்றால் கூர்மையான முனையாலும் மழுங்கிய முனையாலும் தொட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவோம். பூஜ்யத்தில் தொடங்கி, "இப்ப தெரியுதா? இது போதுமா?" என்று கேட்டுக்கேட்டுத்தான் கூட்டுவோம். பேடு அகலமாக இருக்கும், அடியில் ஜெல் இருக்கும், அதனால் மின்சாரம் ஒரே புள்ளியில் குவியாமல் பரவி இறங்கும்.

இவ்வளவும் பார்த்தாலும் ஒரு இடத்தில் மட்டும் வைக்கவே மாட்டோம். தொண்டையின் முன்பக்கமும் அதை ஒட்டிய பக்கவாட்டும்தான் அது. படிப்பின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் டென்ஸ் கருவியின் கையேட்டிலும் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில், இரண்டு பக்கமும், மூளைக்குப் போகும் பெரிய தமனி இரண்டாகப் பிரிகிறது. அந்த இடத்தில்தான் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால், அழுத்தம் ஏறிவிட்டது என்று உடம்பு தப்பாகப் புரிந்துகொண்டு இதயத் துடிப்பைக் குறைக்கும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். சிலருக்கு அந்த இடத்தில் சும்மா அழுத்தினாலே கண் இருட்டி விழுந்துவிடுவார்கள். அதே தமனியை ஒட்டியேதான் இதயத்தைக் கட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பும் இறங்குகிறது. நடுவில் மூச்சுக்குழாய், குரல் நாண்களை இழுக்கும் சின்னச் சின்னத் தசைகள். அந்தத் தசைகள் மின்சாரத்தில் இறுகினால் காற்றுப் பாதையே குறுகும்.

நாய்ப்பட்டையின் இரண்டு உலோக முனைகளும் மனிதக் கழுத்தில் சரியாக இந்த இடத்தில்தான் வந்து உட்காருகின்றன.

நான் சொன்ன தம்பிக்கு இருபதுகளின் நடுவயது. ஐ.டி. வேலை. நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று வந்தார். சட்டைக் காலரை விலக்கியபோது குரல்வளைக்கு ஒரு பக்கமாக மிளகளவில் இரண்டு கருத்த புள்ளிகள் தெரிந்தன. சரிசமமான இடைவெளியில் இருந்த அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்ததுமே இது பூச்சிக்கடி இல்லை என்று தெரிந்துவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் சொன்னார். அறையில் ஒரு பட்டை முன்பே இருந்திருக்கிறது, சீட்டில் தோற்றவர் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அது பழுதானதும் வேறொரு கம்பெனியின் பட்டையை வரவழைத்திருக்கிறார்கள். "பழசுல முப்பதுதான் மேடம் வெப்போம். புதுசுலயும் அதே முப்பதுதான் வெச்சோம்" என்றார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஒரு அடியில் துள்ளி விழுந்து, பீரோவின் மூலையில் தலை இடித்து, கழுத்து வெடுக்கென்று மடங்கியிருக்கிறது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேனே தவிர, அந்தப் பெட்டியைத் தயாரித்தவருக்கோ விற்றவருக்கோ சொல்வதற்கு என்னிடம் நன்றி இல்லை.

அந்த முப்பது என்ற எண்ணைப் பற்றித்தான் ஆணையம் முதலில் யோசிக்க வேண்டும். ரிமோட்டில் 1 முதல் 100 வரை எண் ஓடுகிறது. அது எத்தனை மில்லி ஆம்பியர் மின்னோட்டம், எத்தனை மில்லி ஜூல் ஆற்றல் என்று எங்கும் இல்லை. எண்ணுக்குப் பின்னால் அலகே இல்லை. ஒரு கம்பெனியின் முப்பதும் இன்னொரு கம்பெனியின் முப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிரிட்டனில் ஷாக் காலர்களை ஆய்வகத்தில் அளந்து பார்த்து 2013இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஒரே மின்தடையில், ஒவ்வொரு பட்டையையும் அதன் உச்ச அளவில் வைத்துப் பார்த்தபோது, வெளிவந்த ஆற்றல் ஒன்றில் 3.3 மில்லி ஜூல், இன்னொன்றில் 287 மில்லி ஜூல். ஏறக்குறைய 87 மடங்கு வித்தியாசம். கடையில் இரண்டுமே 'நாய் பழக்கும் பட்டை'தான். தோலின் மின்தடைக்கு ஏற்ப வோல்டேஜும் பெருமளவு மாறுகிறது: 5 கிலோ ஓம் மின்தடையில் 100 வோல்ட், 500 கிலோ ஓமில் 6000 வோல்ட் வரை என்று அதே ஆய்வு சொல்கிறது. அந்த உச்சம் நீடிப்பது, ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கு நேரம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் வியர்த்த கழுத்துக்கும் காய்ந்த கழுத்துக்கும், முனை நன்றாகப் பதிந்ததற்கும் பதியாததற்கும் ஒரே எண்ணில் ஒரே உணர்வு கிடைக்காது. முதல் தடவை ஒன்றும் தெரியவில்லையே என்று எண்ணைக் கூட்டுகிறார்கள். இரண்டாவது தடவை முனை சரியாகப் பதிந்துவிடுகிறது.

இதை மாட்டிய எல்லோரும் செத்துவிடுவார்கள் என்று பயமுறுத்த நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். பட்டையின் இரண்டு முனைகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர்தான் தூரம். மின்சாரம் பெரும்பாலும் அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே ஓடி முடிந்துவிடுகிறது, இதயத்தைக் குறுக்கே கடப்பதில்லை. வீட்டு மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இ.எல்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்தவும் கூடாது. அது தொடர்ந்து பாயும் மின்சாரம், இது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த துடிப்பு. அதனால்தான் வீடியோக்களில் எல்லோரும் "ஆ!" என்று துள்ளிவிட்டுச் சிரிக்கிறார்கள். பார்ப்பவர்களும் இதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு எதனால் வந்தது? இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மட்டும் வந்தது. பட்டையைப் பிரித்து ஒயரை நீட்டி, முனைகளை இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டால் மின்சாரம் போகும் வழி நெஞ்சுக்குக் குறுக்கே ஆகிவிடுகிறது. அப்படிச் செய்து பார்க்கும் 'மெக்கானிக்' ஒவ்வொரு நண்பர் கூட்டத்திலும் ஒருவர் இருக்கிறார். பேஸ்மேக்கரோ, துடிப்பு தவறினால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியோ வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. வெளியிலிருந்து வரும் மின்துடிப்பை இதயத்தின் துடிப்பு என்று அந்தக் கருவி தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிறவியிலேயே இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறார்கள். லாங் க்யூடி என்பது அதில் ஒரு வகை. அவர்களில் சிலருக்குத் திடுக்கிடுவது ஒன்றே துடிப்பைக் குலைக்கப் போதும். தனக்கு அந்தக் கோளாறு இருப்பது முதல் தடவை மயங்கி விழும்வரை பலருக்குத் தெரியாது. பார்ட்டியில் பட்டையை நீட்டும் நண்பர் அதைக் கேட்க மாட்டார். கேட்டாலும் மாட்டிக்கொள்பவரிடம் பதில் இருக்காது.

இன்னும் சாதாரணமானது, எனக்கு அதிகம் பயம் தருவது, விழுவதுதான். ஷாக் அடித்தால் உடம்பு துள்ளும், அதை யாராலும் அடக்க முடியாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பவர், பைக்கில் பின்னால் இருப்பவர், நீச்சல் குளத்தின் ஓரத்தில் நிற்பவர், அடுப்பில் எண்ணெய் காய வைத்திருப்பவர். இவர்களை எல்லாம் ஆபத்துக்குள் தள்ள 3 மில்லி ஜூலே போதும்.

அப்புறம் அந்த ரிமோட். எங்கள் கிளினிக்கில் கரண்ட் வாங்குபவர் "போதும்" என்றால் அந்தக் கணமே நிற்கும். சில கருவிகளில் நோயாளியின் கையிலேயே நிறுத்தும் பொத்தானைக் கொடுத்துவிடுவோம். வலியை உணர்பவரின் கையில்தான் அதை நிறுத்தும் உரிமை இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாய்ப்பட்டை அதற்கு நேர் எதிராக வடிவமைக்கப்பட்டது. நிறுத்தும் பொத்தான் கொடுப்பவர் கையில், அதுவும் 300 மீட்டர், 800 மீட்டர், ஒரு கிலோமீட்டர் தாண்டியும் வேலை செய்யும் என்ற விளம்பரத்தோடு. அவ்வளவு தூரத்திலிருந்து எதிராளியின் முகம் எப்படித் தெரியும்? தொண்டைத் தசை இறுகிவிட்டால் "நிறுத்து" என்ற சொல்லே வாயிலிருந்து வராது. சில தயாரிப்புகளில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் சில வினாடிகளில் தானாக நிற்கும் ஏற்பாடு இருக்கிறது. வாங்கும் பெட்டியில் அது இருக்கிறதா இல்லையா என்று வெளியில் எழுதியிருக்காது. பொத்தான் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் இருக்காது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். தோள்பட்டை வலிக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தவர், ஒருநாள் அறையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். அவரும் கணவரும் மனம் ஒத்துத்தான் இந்தப் பட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் அவருக்கு வருத்தமோ புகாரோ இல்லை. மணிக்கணக்கில் மாட்டியிருந்ததில் முனைகள் அழுத்திய இடம் புண்ணாகியிருந்தது. நாய்க்கே அப்படி விடக் கூடாது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று ஒரு எல்லை வைத்து, இடையிடையே இடம் மாற்றிக் கட்டச் சொல்லிப் பல கையேடுகள் எச்சரிக்கின்றன. அவர் வாங்கியதில் இருந்தது ஒரு மடித்த தாள், பாதி சீன மொழியில்.

"இது செய்யலாமா, கூடாதான்னு யார்கிட்டயும் கேக்க முடியலை மேடம். தேடிப் பார்த்தா ஒண்ணும் ஆகாதுங்கறாங்க, இல்லைன்னா சீன்னு திட்டறாங்க" என்றார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கழுத்து கூடவே கூடாது, நெஞ்சுக்குக் குறுக்கே கூடாது, அவருக்கு இருக்கும் ரத்த அழுத்தத்தோடு இந்த அதிர்ச்சியே நல்லதில்லை. அப்படியானால் எந்த அளவு சரி என்று கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே என்ன வருகிறது என்று பெட்டி சொல்லாதபோது யாராலும் சொல்ல முடியாது. "உங்களாலயே சொல்ல முடியலைன்னா நாங்க யார்கிட்டதான் கேக்கறது?" என்றார் அவர்.

அவர் கேள்வியைத்தான் நான் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

வயது வந்த இருவர் தங்களுக்குள் என்ன செய்துகொள்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கச் சொல்லி ஆணையத்தை நான் அழைக்கவில்லை. அது என் வேலையும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை. ஒருவர் வலியை விரும்பி ஏற்றால் அது அவர் உரிமை. நம் குற்றவியல் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவில் இருந்து இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவில் தொடர்வது இது: 18 வயது தாண்டியவரின் சம்மதத்தோடு, சாவையோ கொடுங்காயத்தையோ நோக்கமாகக் கொள்ளாமலும், அது நேரக்கூடும் என்று அறியாமலும் செய்த செயல் குற்றமாகாது. பொழுதுபோக்குக்காக வாள்வீச்சுப் பழகும் இருவரை அந்தப் பிரிவு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆனால் வாளைக் கையில் எடுப்பவருக்கு அதன் நீளம் தெரியும், கூர்மை தெரியும். என்னிடம் வந்த தம்பி எதற்குச் சம்மதித்தார்? பழைய பட்டையின் முப்பதுக்கு. அவருக்குக் கிடைத்தது வேறொன்று. அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லி விற்பவர் கையைக் கழுவ முடியுமா? சம்மதத்தை ஒரு கவசமாகப் பிடிக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் உண்மையை முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் மறைத்தவருக்கு அந்தக் கவசம் கிடையாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்பவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 87ஆம் பிரிவு சொல்வது எனக்குத் தெரியும். எனக்கு வந்த பதிலும் அதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 84ஆம் பிரிவு, தீங்கைத் தடுக்கப் போதுமான பயன்பாட்டுக் குறிப்பு இல்லாவிட்டாலும், தவறான பயன்பாட்டைப் பற்றிய எச்சரிக்கை இல்லாவிட்டாலும் தயாரித்தவர் பொறுப்பு என்கிறது. தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதை எதிர்பார்த்தே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளுக்கு விற்றவர் பொறுப்பு என்று 86ஆம் பிரிவு சொல்கிறது. எச்சரிக்கையும் இல்லை, இறக்குமதியாளர் பெயரும் இல்லை என்றால், மிச்சம் இருப்பது யார்?

வயது வந்தவர்கள் விரும்பிச் செய்வது என்ற வாதத்தை நீங்களே ஒருமுறை தள்ளியிருக்கிறீர்கள். சீட் பெல்ட் போடாமல் ஓட்டினால் எழும் அலாரத்தை நிறுத்தும் கிளிப்புகளை 2023 மே மாதம் ஐந்து பெரிய தளங்களிலிருந்து நீக்க வைத்தீர்கள். 13,118 பட்டியல்கள் நீக்கப்பட்டன. அந்தக் கிளிப்பை வாங்கியவர் ஒவ்வொருவரும் வயது வந்தவர், தன் உயிரைத் தானே பணயம் வைத்தவர். ஆனாலும் அப்படி ஒரு பொருளை விற்பது தவறு என்று நீங்கள் சொன்னீர்கள், நாடே ஏற்றுக்கொண்டது. அங்கே மோட்டார் வாகன விதி ஒன்று மீறப்பட்டது, இங்கே மீறுவதற்கு விதியே இல்லையே என்று சிலர் சொல்லலாம். விதி இல்லாததுதான் என் புகார்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் யானை இறங்காமல் இருக்க விவசாயிகள் சோலார் வேலி போடுகிறார்கள். அதற்குத் தமிழ்நாடு அரசு 2023இல் தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி வாங்க வேண்டும், இந்தியத் தர நிர்ணயப்படியான கருவி வேண்டும். அந்தத் தரத்தின்படி ஒரு மின்துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஒரு வினாடி இடைவெளி விட வேண்டும். தெரியாமல் தொட்டவர் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? யானையை விரட்டும் வேலிக்கு இவ்வளவு யோசித்திருக்கிறோம். என் கிளினிக்கில் இருக்கும் டென்ஸ் கருவி மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இன் கீழ் வருகிறது. கழுத்தைச் சுற்றிக் கட்டும், அதைவிடக் கூரிய முனை கொண்ட ஒரு கருவி மட்டும் செல்லப் பிராணிப் பொருள் என்ற பெயரில், நாய் பிஸ்கட்டுக்கும் சீப்புக்கும் நடுவே, எந்தக் கேள்வியும் இல்லாமல் விற்பனையாகிறது.

நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மடல் மனிதர்களைப் பற்றியது என்றாலும் அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மனிதருக்காவது வேண்டாம் என்று சொல்ல வாய் இருக்கிறது. வேல்ஸ் நாடு 2010இலேயே இந்தப் பட்டைகளை நாய்க்கும் பூனைக்கும் தடை செய்துவிட்டது. ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2006இல் இவற்றின் பயன்பாடு விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. நம்மிடம் இருப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை.

ஒரு பயன்பாட்டுக்கு அனுமதித்த கருவியை இன்னொரு பயன்பாட்டுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற சட்டச் சிக்கல் உங்களுக்கும் வரலாம். அமெரிக்காவில் அது நடந்தது. மாசசூசெட்ஸில் ஒரு நிறுவனம், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் மாற்றுத்திறனாளிகளின் தோலில் ஷாக் கொடுத்து நடத்தையை மாற்றுவதாகச் சொன்னது. அங்கிருந்தவர்களின் நிலையும் விரும்பி மாட்டிக்கொள்பவர்களின் நிலையும் ஒன்றல்ல. ஆனாலும் தோலின் மேல் கொடுக்கும் மின்சாரம் என்ன செய்யும் என்று அங்கே ஆராய வேண்டி வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் அந்தப் பயன்பாட்டைத் தடை செய்தபோது, தீக்காயம், திசுச் சேதம், மன அழுத்தம், பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் எல்லாவற்றையும் ஆபத்துகளாகப் பட்டியலிட்டது. ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் தடை போட உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2021இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. வழி இல்லாமல் போகவில்லை, தேடினார்கள்.

நான் கேட்பவை இவை.

முதலில், ஒரு பாதுகாப்பு அறிவிப்பு. சட்டம் உங்களுக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது, தரமில்லாத ஹெல்மெட்டுக்கும் பிரஷர் குக்கருக்கும் அதைப் பயன்படுத்தியும் இருக்கிறீர்கள். மனிதக் கழுத்தில் ஷாக் காலரை மாட்டக் கூடாது. இதய நோய், பேஸ்மேக்கர், வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்கள் உடம்பின் எந்தப் பகுதியிலும் இதைப் பயன்படுத்தவே கூடாது. பட்டையைப் பிரித்து ஒயர் நீட்டக் கூடாது என்று அந்த அறிவிப்பு சொல்ல வேண்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். தமிழிலும் மற்ற மொழிகளிலும் வர வேண்டும். தயவுசெய்து அறநெறிப் பாடம் எதையும் அதில் சேர்க்காதீர்கள். திட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, தளங்களுக்கு நோட்டீஸ். ஒவ்வொரு அளவிலும் வெளிவரும் ஆற்றல், துடிப்பின் நேரம், தானாக நிற்கும் ஏற்பாடு உண்டா இல்லையா, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ஆகிய விவரங்கள் இல்லாத பட்டைகளின் விற்பனையை, அவை கிடைக்கும்வரை நிறுத்தச் சொல்லுங்கள். ரிமோட் ரேடியோ அலையில் வேலை செய்வதால் அதற்குரிய ஒப்புதல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாக்கி டாக்கிகளுக்காக 2025இல் நீங்கள் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் மற்ற ரேடியோ கருவிகளையும் சேர்த்தே பேசுகின்றன. பார்ட்டி, பிராங்க், கேம் போன்ற சொற்களைப் போட்டு இந்தப் பட்டைகளைப் பட்டியலிடுவதை உடனடியாகத் தடுக்க வேண்டும். அப்படி விற்பவர், நாய்க்குத்தான் விற்றேன் என்று பிறகு சொல்ல முடியாது.

மூன்றாவது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் ஒரு தரத்தைக் கேட்டுப் பெறுங்கள். வேலிக்கு இருப்பது போல உச்ச ஆற்றலுக்கு ஒரு வரம்பு, அலகோடு கூடிய எண், கட்டாயத் தானியங்கி நிறுத்தம். விலங்கு நல வாரியத்தையும் அந்தப் பேச்சில் உட்கார வைத்து, இந்தப் பொருள் நாய்க்காவது தேவையா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். தேவையில்லை என்று அவர்கள் சொன்னால் தரம் எழுதும் வேலையே மிச்சம்.

நான்காவது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இந்த வகைக் காயங்களைப் பெயர் சொல்லாமல் பதிய ஒரு வழி. என்னிடம் வந்த இருவருமே வேறு எங்கும் சொல்லவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்டிருந்தால் கீழே விழுந்தேன், பூச்சி கடித்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். வெட்கம் ஒரு காயத்தைக் கணக்கிலிருந்தே மறைத்துவிடுகிறது. கணக்கில் வராததைக் காட்டி, ஆபத்து இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சுகாதார அமைச்சகத்துக்கும் எழுதி, மருத்துவமனைப் பதிவேடுகளில் இதற்கு ஒரு இடம் கேளுங்கள்.

கடைசியாக, முடித்துவைக்கப்பட்ட என் புகார். அதன் நகலையும் படங்களையும் எனக்கு வந்த பதிலையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். அதைத் திறந்து விசாரித்து, வயது வந்தவரின் விருப்பம் என்ற பதில் 84ஆம் பிரிவின் முன்னால் நிற்குமா நிற்காதா என்று எழுத்தில் ஒரு பதில் தாருங்கள். நிற்காது என்றால் அதைப் பொதுவில் அறிவியுங்கள். நிற்கும் என்றாலும் அறிவியுங்கள், அப்போது நாங்கள் சட்டத் திருத்தம் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போவோம்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
கோயம்புத்தூர்